குளத்தின் கீழ் ஒரு நகர்: கிளிநொச்சியின் தோற்றமும் வரலாறும்

ஈழத்துத் தமிழரின் நகரங்களைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசிருக்கையையோ, துறைமுகத்தையோ, திருத்தலத்தையோ மையமாகக் கொண்டே எழுதி வந்துள்ளனர். நல்லூர் அரசிருக்கையால் நினைக்கப்படுகின்றது. மாந்தை துறைமுகத்தால் நினைக்கப்படுகின்றது. திருகோணமலை கோணேசராற் பெயர்பெற்றது. இம்மூன்றனுள் ஒன்றும் வாய்க்கப்பெறாத ஊர்கள் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புக்கும் எட்டுவதில்லை. கிளிநொச்சி அத்தகையதோர் ஊர். அதற்கென வாய்த்தது ஒரு குளம் மட்டுமே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட குடியேற்றத் திட்டத்தின் பயனாகக் கிளிநொச்சி நகர் தோன்றிற்று என்பது பொதுவாகக் கூறப்படும் செய்தி. இச்செய்தி பிழையன்று. ஆயினும் நகரைத் தோற்றுவித்தோர் யாவர் என்னும் வினாவுக்கு அது முழுமையான விடையாகாது. இவ்வினா வெறும் வரலாற்று ஆர்வத்தின்பாற்பட்டதுமன்று. கிளிநொச்சியிலே காணி யாருக்குரியது, நீர் யாருக்குரியது என்பன, யார் எக்காலத்தில் எவ்வழியாக வந்து சேர்ந்தனர் என்பதைப் பொறுத்தே தீர்மானிக்கப்பட்டு வந்துள்ளன. எனவே தோற்றத்தின் வரலாறு இங்கு உரிமையின் வரலாறுமாகும்.

ஊரின் பழமையை அறிய எழுத்தாவணங்கள் அதிகம் உதவுவதில்லை. பெயர்களே ஓரளவு உதவுகின்றன. கிளியும் நொச்சியும் சேர்ந்து நகரின் பெயராயின. நகரின் வட பகுதியிலுள்ள சந்திக்குக் கரடிப்போக்கு என்று பெயர். அதற்கு வடக்கே பரந்தன். அதனையும் கடந்தால் ஆனையிறவு. புள்ளும் மரமும் விலங்கும் வெளியும் பெயர்தந்த இவ்வூர்களுக்கு அருகே கனகபுரம், உருத்திரபுரம், இராமநாதபுரம், பாரதிபுரம் எனப் 'புரங்கள்' பல அமைந்துள்ளன. முன்னையவை காட்டோடு வாழ்ந்தோர் இட்ட பெயர்கள். பின்னையவற்றுட் பல, காடு வெட்டிக் குடியமர்ந்தோரும் அவர்களைக் குடியமர்த்தியோரும் தெரிந்தெடுத்துச் சூட்டியவை. இவ்விரு வகைப் பெயர்களும் அடுத்தடுத்து விரவி நிற்பதே இப்பிரதேச வரலாற்றின் சுருக்கம் எனலாம்.

மனிதர் இங்கு புதிதாக வந்தவரல்லர். இரணைமடுப் பகுதியின் பழைய மண்படையிற் கிடைத்த கற்கருவிகள் இலங்கையின் தொல்வரலாற்று ஆய்வில் முக்கியமான இடம்பெறுவன. அம்மண்படையே ஆய்வுலகில் இரணைமடுவின் பெயரால் வழங்கப்படுகின்றது. மேற்கே பூநகரியிற் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் நடத்திய ஆய்வுகள் பெருங்கற்காலப் பண்பாட்டின் தடயங்களை வெளிக்கொணர்ந்தன. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வன்னி நிலம் பெரும்பாலும் உடைந்த குளங்களும் ஒடுங்கிய குடிகளும் கொண்ட காடாகவே இருந்தது. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் அதிகாரியின் வன்னி பற்றிய கைந்நூல், காய்ச்சலாலும் வரட்சியாலும் தேய்ந்துபோன ஒரு நாட்டையே காட்டுகின்றது.

இந்நிலையிலேயே இரணைமடு எண்ணம் உருவாகியது. வவுனியாப் பக்கத்தில் தோன்றி வடக்கு நோக்கி ஓடி ஆனையிறவுக் கடல்நீரேரியைச் சேரும் கனகராயன் ஆறு, மாரியிற் பெருக்கெடுத்துக் கோடையில் மணலாகக் கிடப்பது. அதனை மறித்துக் குளமாக்கலாம் என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளராயிருந்த ஹென்றி பார்க்கர் 1880களிற் கருதினார். பண்டைய இலங்கையின் குளங்களைப் பற்றிப் பின்னர் விரிவாக எழுதியவரும் இவரே. கட்டுமான வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்திலேயே முற்றுப்பெற்றது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள்! அவ்வளவு காலம் மண் சுமந்து அணை உயர்த்தியவர்களின் பெயர்கள் எந்த நினைவுக் கல்லிலும் தேடினும் கிட்டா. கிளிநொச்சியைத் தோற்றுவித்தோரின் வரிசை ஒன்று எழுதப்படுமாயின், அது அவர்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே புகையிரதமும் வந்தது. 1905 ஆகஸ்ட் முதலாந் திகதி கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதப் பாதை முழுமையடைந்தது. அதுவரை குடாநாட்டிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோருக்கு வன்னி அஞ்சிக் கடக்கவேண்டிய காடாக இருந்தது; அதன்பின் அது சில மணி நேரத்தில் யன்னல் வழியாகப் பார்த்துக் கடக்கும் காடாயிற்று. கண்டி வீதியும் இருப்புப் பாதையும் அருகருகே செல்ல, அவற்றுக்குக் கிட்டக் குளமும் அமைந்தமையே கிளிநொச்சியின் நல்வாய்ப்பு. அக்கராயன், முத்தையன்கட்டு போன்ற குளங்களுக்கும் நீர் உண்டு, நிலமும் உண்டு, நெடும்பாதை இல்லை. ஆகவே அவற்றின் கீழ்க் கிராமங்கள் தோன்றின, நகர் தோன்றவில்லை.

எனினும் குளம் நிறைந்தவுடன் குடிகளும் நிறைந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து விவசாயி கிணற்றை நம்பி வாழ்ந்தவன். துலா மிதித்துச் சிறு துண்டு நிலத்திற் புகையிலையும் காய்கறியும் செய்து பழகியவனுக்கு, வாய்க்கால் நீரில் ஏக்கர்க் கணக்கில் நெல் விதைக்கும் வாழ்க்கை வேறோர் உலகம். அதனினும் பெரிய தடை மலேரியா. 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பீடித்த கொள்ளைநோயின் நினைவு மாறுமுன்னரே கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது என்பதை நோக்குமிடத்து, முதலில் வந்தோரின் துணிவு எத்தகையது என்பது புலனாகும். துணிவு என்பதிலும் வேறு வழியின்மை என்பதே பொருத்தமாகலாம். ஆனையிறவுக்கு அப்பால் ஒரு பரப்புக் காணியேனும் இல்லாதவனே ஆனையிறவுக்கு இப்பால் வரத் துணிந்தான்.

1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிந்தனைகளும், விவசாய அமைச்சராயிருந்த டி. எஸ். சேனநாயக்காவின் முயற்சியும் சேர்ந்து 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைத் தந்தன. அதன் கீழ்க் குடியேற்றவாசி காணியின் சொந்தக்காரன் அல்லன், அனுமதிப்பத்திரம் பெற்றவன். காடு வெட்டிப் பயிரிட்டு நிபந்தனைகளை நிறைவேற்றினால் அவன் அங்கு இருக்கலாம், விற்கலாகாது, ஈடு வைக்கலாகாது, துண்டாடலாகாது. உலர் வலயக் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்குத் தொடக்கத்தில் ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுக் காணியும் வழங்குவது வழக்கமாயிருந்தது. 1950களில் இவ்வளவு குறைக்கப்பட்டது. நிலமற்ற விவசாயியை வட்டிக்கடைக்காரனிடமிருந்து காப்பதே சட்டத்தின் நோக்கம். அந்நோக்கத்தைக் குறைகூற முடியாது.

ஆனால் இச்சட்டம் வந்து இறங்கிய சமூகத்துக்கு வேறொரு சட்டம் ஏற்கெனவே இருந்தது. தேசவழமையின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாணத்தானுக்குக் காணி என்பது பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்குரியது. சிறப்பாகப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பதற்குரியது. அனுமதிப்பத்திரக் காணியோ ஒரேயொரு பின்னுரித்தாளிக்கே செல்லக் கூடியது. நான்கு பிள்ளைகளைப் பெற்ற குடியேற்றவாசி ஒருவனை ஏற்று மற்றவர்களை வெறுங்கையோடு விடவேண்டியவனானான். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. கடதாசியில் ஒருவர் பெயர் இருக்க, வரம்புகள் உள்ளுக்குள்ளே பங்கிடப்பட்டன. குத்தகையும் ஈடும் வாய்மொழியாக நடந்தன. இடமில்லாத பிள்ளைகள் வாய்க்கால் ஓரங்களிலும் ஒதுக்கக் காடுகளிலும் குடிசை போட்டனர். குடாநாட்டின் நில நெருக்கடியைத் தீர்க்க எழுந்த நகர், ஒரு தலைமுறைக்குள் தனக்கென ஒரு நில நெருக்கடியைப் பெற்றுவிட்டது. குடியேற்றங்களைப் பற்றி 1957இல் நூல் எழுதிய புவியியலாளர் பி. எச். பார்மர் போன்றோர் இலங்கை முழுவதற்கும் பொதுவாக எடுத்துக்காட்டிய சிக்கல், இங்கே தேசவழமையோடு மோதியதனால் இருமடங்காயிற்று எனலாம்.

1940களின் பிற்பகுதியில் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா அடங்கியதும் குடியேற்றம் வேகம்பெற்றது. குளத்தின் அணை மேலும் மேலும் உயர்த்தப்பட்டது. 1970களின் வேலைகளுக்குப் பின்னர் அது ஏறத்தாழ ஓர் இலட்சம் ஏக்கர் அடிக்கு மேற்பட்ட நீரைத் தாங்க வல்லதாயிற்று. இடதுகரை வாய்க்கால் கனகபுரம், உருத்திரபுரம் பக்கமாகவும், வலதுகரை வாய்க்கால் வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கமாகவும் நீரைக் கொண்டு சென்றன. கிளை வாய்க்கால்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் இட்ட இலக்கங்களே ஊர்ப்பெயர்களாயின. 'டி எட்டு', 'டி பத்து' என்று ஒருவர் தமது இருப்பிடத்தைக் கூறுவது இங்கு இயல்பு. வேறெந்தத் தமிழூரிலும் மனிதர் தம்மை இவ்வளவு வெளிப்படையாக வாய்க்காலின் பெயராற் குறிப்பதாகத் தெரியவில்லை.

நீர்ப் பங்கீடே இந்நகரின் உண்மையான அரசியல் அமைப்பு. ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் அரசாங்க அதிபரின் தலைமையிற் கூடும் கூட்டத்தில், துருசு திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் தீர்மானிக்கப்படும். வடகீழ்ப் பருவமழையோடு வரும் காலபோகத்தில் இடர் குறைவு. சிறுபோகத்திலேயே வினா எழும்: குளத்திலுள்ள நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும்? அந்த ஏக்கர்கள் யார் யாருக்கு? உரித்தாளிகள் தம் வயலின் அளவுக்கேற்பப் பங்கு பெறுவர். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர் மடை திறந்த நாளிலிருந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பர். வயற்காணி இல்லாதோருக்கு அக்கூட்டத்திற் பேச்சில்லை.

நகர் என்று சொல்லத்தக்க பகுதி இவ்வயல்களுக்கு நடுவே, கண்டி வீதியின் இருமருங்கும் மெல்ல உருவாயிற்று. சந்தை, நெல் ஆலைகள், கூட்டுறவுச் சங்கம், கந்தசுவாமி கோயில், திரேசம்மாள் ஆலயம், வைத்தியசாலை என ஒவ்வொன்றாக வந்தன. 1950களிற் பரந்தனில் ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்ட இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. 1960 முதற் கிளிநொச்சி தனித் தேர்தற் தொகுதியாயிற்று. 1984 பெப்ரவரியில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரு குடியேற்றம் கச்சேரி கொண்ட தலைநகராக வளர்ந்தமை சிறிய செய்தியன்று.

இவ்வளர்ச்சிக்குப் பொருள் தந்த காலம் 1970-77 ஆகும். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் முன்னில்லாத விலை கிடைத்தது. குளத்தின் கீழ் நெல்லும் மேட்டில் மிளகாயுமாக விளைந்த அக்காலத்தில், படித்த வாலிபர்களும் திட்டங்களின் கீழ் விசுவமடு, முத்தையன்கட்டு, முழங்காவில் முதலிய இடங்களில் மண்வெட்டி பிடித்தனர். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் விலை வீழ்ந்தது. செழிப்பு ஏழே ஆண்டுகள். ஆயினும் யாழ்ப்பாணத்து மத்தியதர வகுப்பு வன்னியைத் தன் எதிர்காலமாக எண்ணிய ஒரே காலம் அதுவே.

அந்த மிளகாய்த் தோட்டங்களிற் பழம் பறித்தோரும் களை பிடுங்கியோரும் யார் என்பது பலராலும் எழுதாது விடப்படும் செய்தி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர், 1958 வன்செயலின் பின்னரும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களைப் பீடித்த பஞ்சத்தாலும், 1977 வன்செயலாலும் வன்னி நோக்கி வந்தனர். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் ஆகிய குடியிருப்புகளில் அவர்கள் பெருமளவில் அமர்ந்தனர். இவற்றுட் பல இரணைமடு நீர் ஏறாத மேட்டு நிலங்கள். 1936இல் வந்தவனுக்கு அரசு அழைப்பும் அனுமதிப்பத்திரமும் தந்தது. 1977இல் வந்தவனுக்கு அத்துமீறிக் குடியேறியவன் என்ற பெயரைத் தந்தது. இருவரும் வெட்டியது ஒரே காட்டைத்தான். வயலுக்குரியவர் பலர் குடாநாட்டிலேயே வாழ, வயலைக் காத்தவர் வயலுக்கு வெளியே வாழ்ந்தனர். தமிழரின் தாயக நிலம் என்று மேடைகளில் முழங்கப்பட்ட மண்ணில், அதே தமிழரிடையே இவ்வேறுபாடு அமைதியாக நிலைத்திருந்தது என்பதை மறைப்பதாற் பயனில்லை.

பின்வந்த போர்க்காலத்தை இங்கு விரித்துரைப்பது நோக்கமன்று. 1990இற் புகையிரதம் நின்றது. பரந்தன் தொழிற்சாலையும் ஓய்ந்தது. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து பெருந்தொகையாக வந்தபோது, குடாநாட்டின் மிகுதி மக்களுக்கென அமைந்த நகர் இரண்டாம் முறையாகக் குடாநாட்டை ஏற்றுக்கொண்டது. இம்முறை திட்டமுமில்லை, அளந்த காணியுமில்லை. 1996 செப்ரெம்பரில் நகர் இராணுவத்தின் வசமாயிற்று. 1998 செப்ரெம்பரில் விடுதலைப் புலிகள் அதனை மீண்டும் கைப்பற்றினர். 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் அவர்களின் நிருவாக மையமாக உலகச் செய்திகளில் இடம்பெற்றது. 2009 சனவரி 2ஆந் திகதி இராணுவம் நுழைந்தபோது நகரில் மக்கள் இல்லை. அவர்கள் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தனர். அவர்களுட் பலர் மீளவேயில்லை. தகர்க்கப்பட்டுச் சரிந்து கிடந்த நீர்த்தாங்கி, தெற்கிலிருந்து வந்தோர் நின்று பார்த்துச் செல்லும் காட்சிப் பொருளாக நீண்ட காலம் வீதியோரத்தில் இருந்தது.

2009இன் இறுதியிலிருந்து முகாம்களை விட்டுத் திரும்பியோர் நகரை மற்றொரு முறை தோற்றுவித்தனர். அவ்வேளை பழைய வேறுபாடு புதிய வடிவில் எதிர்ப்பட்டது. வீட்டுத் திட்டங்களுக்குக் காணிக்கான ஆவணம் தேவைப்பட்டது. இடப்பெயர்வுகளில் அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர் கச்சேரியிற் பிரதி தேடினர்; என்றுமே அனுமதிப்பத்திரம் பெறாதவர் தேடுவதற்கும் ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த நிலத்திலே, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு அயலில் எழும் கல்வீட்டைப் பார்த்திருந்த குடும்பங்கள் மேட்டுக் குடியிருப்புகளில் இருந்தன. 2013 செப்ரெம்பரிற் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் அறிவியல்நகரில் இயங்கத் தொடங்கின. வேளாண்மையை நம்பிப் பிறந்த ஊரில் வேளாண்மைப் பீடம் அமைந்தமை பொருத்தமே. வேலை தேடிக் குடாநாட்டிலிருந்து வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு அருகே, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் அங்கு வந்து கற்கின்றனர்.

குடாநாட்டுக்கும் கிளிநொச்சிக்கும் உள்ள உறவு அண்மைக் காலத்தில் இன்னொரு முறை சோதிக்கப்பட்டது. சுண்ணக்கற் பாறைக்குக் கீழுள்ள நீரையே நம்பிய யாழ்ப்பாணத்தின் கிணறுகள் உவராலும் உரத்தின் நைத்திரேற்றாலும் கெட்டுவரவே, 2010ஐ அடுத்து இரணைமடு நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணம் கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே போதாத குளத்திலிருந்து குடிநீர் எடுத்தால் வாய்க்காலின் கடைசி வயல்கள் நிரந்தரமாகக் காயும் என்பது அவர்களின் வாதம். மாரியில் வான்பாய்ந்து கடலேரிக்குப் போகும் நீரைத்தானே கேட்கின்றோம் என்பது மறுதரப்பின் வாதம். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் மூழ்கியமை ஒரு வாதத்துக்குச் சான்றாயின், மழை பொய்த்த ஆண்டுகளில் வெடித்துக் கிடந்த குளத்தின் அடித்தரை மற்றையதற்குச் சான்று. எனினும் குடாநாட்டில் எழுந்த சில பேச்சுகளில், தாம் அனுப்பிவைத்த குடிகள் தமக்கே நீர் மறுக்கின்றனர் என்ற தொனி இருந்தது. எண்பது ஆண்டுகள் ஒரு மண்ணில் உழைத்தபின்னும் ஒருவன் அனுப்பிவைக்கப்பட்டவனாகவே கருதப்படுவானாயின், கிளிநொச்சி என்னும் ஊர் இன்னமும் குடாநாட்டின் கண்ணில் தோன்றவேயில்லை என்றே கொள்ளவேண்டியிருக்கும்.

முடிவில், இரணைமடு நீருக்குப் பதிலாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டு, வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் அதற்கான நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. இரணைமடு நீர் வயல்களுக்கே விடப்பட்டது. ஆனால் சிறுபோகக் கூட்டத்தில் மலையாளபுரத்தின் மேட்டு நிலத்தவருக்கு இருக்கை கிடைத்ததா என்னும் வினா, அத்தீர்வின்போது எவராலும் எழுப்பப்பட்டதாகத் தெரியவில்லை.